திருப்பிப் போட்ட படம்

பத்திரிகை ஆபீசில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு விதி சொன்னார்கள். படத்தில் இருக்கிறவர் பக்கத்துக்குள் பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது. இடது ஓரப் பத்தியில் படம் வந்தால் முகம் வலப்புறம் திரும்பியிருக்க வேண்டும். வலது ஓரத்தில் வந்தால் இடப்புறம். முகம் வெளியே பார்த்தால் வாசகனின் கண்ணும் அதோடு வெளியே போய்விடும் என்பது காரணம். படம் ஒத்துவராவிட்டால் அதன் முதுகில் பென்சிலால் ‘திருப்பு’ என்று எழுதி அச்சுக்கு உலோக பிளாக் செய்கிறவரிடம் அனுப்புவோம். அவர் நெகட்டிவைப் புரட்டிப் போட்டு பிளாக் எடுப்பார். கிழக்கே பார்த்தவர் மேற்கே பார்ப்பார். சட்டைப் பை வலப்பக்கம் போய்விட்டதே என்று எந்த வாசகரும் கடிதம் எழுதியதில்லை.

அந்த ஒரு வார்த்தையைப் பல நூறு தடவை எழுதியிருக்கிறேன். அதில் ஒரு தடவை எழுதியதைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசியதில்லை, வீட்டிலும்.

அது ஒரு பெயிண்டரைப் பற்றியது. அவரை நான் முதலில் பார்த்தது, ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மயிலாப்பூர் பாதி காலியாகியிருந்த சமயத்தில். தெருவுக்கு நாலு வீடு திறந்திருந்தால் அதிகம். என் மனைவியும் அவள் பிறந்த ஊருக்குப் போயிருந்தாள். விளக்கு வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு இருந்ததால், இருட்டில் வண்டிகள் மோதாமலிருக்கச் சாலையோர மரங்களுக்கெல்லாம் வெள்ளைப் பட்டை அடித்தார்கள். லஸ் பக்கத்தில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். முப்பது வயது இருக்கும். ஒல்லி. இடுப்பில் சாக்கை மடித்துக் கட்டியிருந்தார்.

குண்டு விழுந்தால் ஓடி ஒளிய வேண்டிய இடத்தைக் காட்ட, தெருமுனைச் சுவர்களில் அம்புக்குறி போடச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருமுனையில் அவர் போட்டதில் அம்புக்குப் பதிலாக ஒரு கை இருந்தது. ஆள்காட்டி விரல் நீண்டு, மற்ற விரல்கள் மடங்கி, மணிக்கட்டில் மூன்று கண்ணாடி வளையலோடு ஒரு பெண்ணின் கை. வளையல்களில் ஒன்று மட்டும் சற்றுச் சரிந்து நின்றது. டிராமுக்குப் போகிற அவசரத்திலும் நான் நின்றுவிட்டேன். மறுநாள் பார்த்தபோது வளையல்கள் இல்லை. மேற்பார்வையாளர் அழிக்கச் சொல்லிவிட்டாராம். கை மட்டும் யுத்தம் முடிகிறவரை அங்கே இருந்தது.

அவரைத் தேடிப் போய், இதை யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். எழுதும்போது ‘அவர்’ என்று வருகிறது. நேரில் நான் அவரை எப்போதும் ‘நீ’ என்றுதான் அழைத்தேன்.

“யாரு சொல்லித் தருவாங்க ஐயரே? பாத்துகினே இருந்தா கைக்கு வந்துடுது” என்றார்.

கால்வாய்க் கரைக் குடிசைகளில் அவர் வீடு. கைவண்டிகளுக்கு நம்பர் எழுதியும், விறகுப் படகுகளுக்குத் தார் பூசியும் பிழைத்து வந்தவர். படகு இறங்கும் இடத்திலிருந்த விறகுத் தொட்டியின், அதாவது விறகுக் கிடங்கின், நீளச் சுவரில், ஓய்ந்த நேரத்தில் தானாகவே ஒரு படகு வரைந்திருக்கிறார். கரையில் நின்று கயிற்றை இழுக்கிற மூன்று பேர், படகில் உட்கார்ந்து மூக்குப்பொடி போடுகிற ஒருவர். இழுக்கிறவர்களின் கெண்டைக்கால் சதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முறுக்கியிருந்தது. காவிக்கல், மஞ்சள், நீலப்பொடி, விளக்குக் கரி, ஒட்டுவதற்கு வஜ்ஜிரம். கடையில் விற்கிற வர்ணம் ஒன்றுகூட அதில் இல்லை. அதைப் பார்த்து ஒரு காப்பி ஹோட்டல்காரர் கூப்பிட்டார். அப்புறம் சாந்தோமில் மாதா கோயிலைச் சேர்ந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் கூப்பிட்டு, ஏசு பிறந்த கதையைப் பள்ளிச் சுவரில் போடச் சொன்னார்.

அந்தச் சுவரைப் பற்றி நான் எங்கள் பத்திரிகையில் நான்கு பத்தி எழுதினேன். மாட்டுத் தொழுவத்தைப் பட்டினப்பாக்கத்துக் குடிசை மாதிரிப் போட்டு, கூரையில் வலை காயப் போட்டிருந்தார். அந்த வாத்தியார் தினமும் பள்ளி விட்டதும் வந்து, அன்றைக்கு வரைந்ததைப் பார்த்து, இது சரி, இது எங்கள் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டுப் போவார் என்று பெயிண்டர் என்னிடம் சொன்னார். அதையும் எழுதினேன். பெயிண்டருக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகையை என்னிடமே கொண்டு வந்து, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை ஓட்டிக் காட்டச் சொன்னார். பெயர் இல்லை. ‘கால்வாய்க் கரையைச் சேர்ந்த ஒரு தொழிலாளி’ என்றுதான் போட்டிருந்தேன். இடம் போதவில்லை என்று சொன்னேன். அவர் பெயர் ஏழு எழுத்து. அதற்கு இடமிருந்தது.

யுத்தம் முடிந்தது. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், கல்யாணங்கள் பெருகின. தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில், ஓய்வு பெற்ற சப்-ஜட்ஜ் ஒருவர் தன் வீட்டையொட்டியிருந்த காலி மனையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். என் மனைவிக்குத் தூரத்து உறவு. மணமக்கள் உட்காருகிற மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய வெற்றுச் சுவர் இருந்தது. அதில் ஒரு கல்யாணக் காட்சி வேண்டும், சாமி படம் வேண்டாம், மனிதர்களுடைய கல்யாணமாகவே இருக்கட்டும் என்றார். யாரைக் கேட்கலாம் என்று என்னிடம் விசாரித்தார். நான் பெயிண்டரைச் சொன்னேன். விறகுத் தொட்டிச் சுவரைக் கொண்டுபோய்க் காட்டினேன். சப்-ஜட்ஜ் ஐந்து நிமிஷம் சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு, முடிந்ததும் சுவரின் மூலையில் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும் என்றார்.

இதைக் கேட்டதும் பெயிண்டர் சிரிக்கவில்லை. எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதலாம் என்று மட்டும் கேட்டார்.

அவருக்கு ஒரே ஒரு கஷ்டம் இருந்தது. எங்களவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றை அவர் கிட்டத்தில் பார்த்ததில்லை. பந்தல் வாசல் வரை வந்திருக்கிறார், நாயனம் கேட்டிருக்கிறார். அக்கினிக்கு எந்தப் பக்கம் யார் உட்காருகிறார்கள், என்ன கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு கல்யாணத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், கையில் வந்துவிடும் என்றார்.

அந்த மாதம் எங்கள் தெருவில் மட்டும் நான்கு கல்யாணம். நான்குக்கும் எனக்கு அழைப்பு இருந்தது. அவரைக் கூட்டிப் போனால் எங்கே உட்காரச் சொல்வது, யார் வீட்டார் என்ன சொல்வார்கள், சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷம்தான் யோசித்தேன். பிறகு, கல்யாணத்துக்கெல்லாம் போக வேண்டாம், அதைவிட நல்லதாக நானே ஒரு படம் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னேன். அவருக்கு நான் உதவி செய்கிறேன் என்றே அப்போது நினைத்தேன்.

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணப் படம் வந்திருந்தது. பத்திரிகை முதலாளிக்கு வேண்டிய குடும்பம். மாப்பிள்ளை, பெண், பெண்ணின் தகப்பனார், இரண்டு சாஸ்திரிகள், நடுவில் ஹோம குண்டம். நல்ல கேமராவில் எடுத்த படம். ஆனால் எல்லாரும் பக்கத்துக்கு வெளியே பார்த்தார்கள். அந்தப் பக்கம் என் பொறுப்பு. முதுகில் ‘திருப்பு’ என்று எழுதியவன் நான்தான். பிளாக் வந்ததும் வழவழப்புத் தாளில் சோதனைக்காக ஒரு புரூப் அடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அந்தப் புரூப் என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. அதைத்தான் பெயிண்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பியதே எனக்கு நினைவில்லை. அதைவிட உண்மையாகச் சொன்னால், நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயமாக அது எனக்குப் படவில்லை.

பூணூல் போட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூணூல் இடத் தோளிலிருந்து வலப்பக்கம் இடுப்புக்கு இறங்க வேண்டும். கல்யாணத்திலும் கோயிலிலும் தினசரி வாழ்க்கையிலும் அப்படித்தான். இறந்தவர்களுக்குச் செய்கிற காரியத்தில்தான் அதை வலத் தோளுக்கு மாற்றிக்கொள்வோம். படத்தைப் புரட்டினால் இடத் தோள் வலத் தோளாகிவிடும். அந்தப் புரூப்பில் நான்கு ஆண்களும் சாவுச் சடங்குக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஹோமத்தின்போது மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் இருக்க வேண்டிய பெண், இடப்பக்கம் இருந்தாள். நெய் விடுகிற கை எது என்று பார்த்தால் தெரிந்திருக்கும். அது புகையில் மறைந்திருந்தது. புடவைத் தலைப்பு எந்தத் தோளில் என்பது வீட்டுக்கு வீடு மாறும். அது யார் கண்ணிலும் உறுத்தாது.

பெயிண்டர் அந்தச் சிறிய படத்தைக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுப் பிரித்து, சுவரிலும் அதே கணக்கில் பெரிய கட்டங்கள் இழுத்து, ஒவ்வொன்றாக ஏற்றினார். இந்த முறையை அவருக்கு யாரும் சொல்லவில்லை, தானே கண்டுபிடித்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான் ஆபீஸ் போகும் முன் வாரத்தில் இரண்டு தடவையாவது எட்டிப் பார்ப்பேன். ஓர் அமாவாசை அன்று காலையில் பூணூலை வலத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்தேன். முடித்து, பழையபடி இடத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு, நேராக அந்த மண்டபத்துக்குப் போய் அரைமணி நேரம் அந்தச் சுவர் முன்னால் நின்றேன். பெண்ணின் தகப்பனார் முகத்தில் தெரிந்த களைப்பை மிகவும் பாராட்டினேன்.

கடைசி வாரம். முகம், உடை, நெருப்பு, வாழைமரம் எல்லாம் முடிந்து, பூணூல்கள் மட்டும் பாக்கி. அதற்காகவே கிளிஞ்சல் சுண்ணாம்பைத் துணியில் நான்கு தடவை வடிகட்டி வைத்திருந்தார். ஒரே இழுப்பில் போட வேண்டும், நடுவில் நிறுத்தினால் கோடு செத்துவிடும் என்பார். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, போட்டிப் பத்திரிகை எங்களுக்கு முன்னால் என்ன செய்தி போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாரத்தின் மேலிருந்து அவர் கேட்டார்.

“ஐயரே, பூணூலு இந்தத் தோளு மேலயா வரும்? அன்னிக்குக் கொளத்தாண்ட குளிச்சவருக்கு அந்தாண்ட இருந்த மாரி ஞாபகம்.”

நான் தலை நிமிரவில்லை.

“படத்துல எப்படி இருக்கோ அப்படியே போடப்பா. அச்சுல வந்ததுல தப்பு இருக்காது.”

“அது சரி. நீ சொன்னா சரிதான்” என்றார்.

அவர் கேட்ட அந்த நேரத்தில் பூணூல் என் சட்டைக்குள்ளே, இடத் தோளில், என் உடம்பின் மேலேயே இருந்தது. தடவிப் பார்த்திருந்தால் போதும்.

நான்கு கோடும் நான்கு இழுப்பில் வந்தன. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் மூன்று இழை தனித்தனியாகத் தெரிந்தது. சாரத்தைப் பிரித்த அன்று, தன் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வலது மூலையில், கட்டைவிரல் உயர எழுத்தில், நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு அதை வரைந்தார். அவர் எழுதிய முதல் கையெழுத்து அது. சப்-ஜட்ஜுக்குக் கண் மங்கல். முகங்களைக் கிட்டப் போய்ப் பார்த்து, “ஜீவன் இருக்கு ஓய்” என்று என்னிடம் சொன்னார். மாம்பலத்தில் இன்னும் இரண்டு பேர் மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் வந்து பார்த்து, இங்கே முதல் கல்யாணம் முடியட்டும், பேசலாம் என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

முதல் கல்யாணம் சப்-ஜட்ஜின் கடைசிப் பெண்ணுக்கு. பெயிண்டர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து, வாசல் தூண் பக்கத்தில் நின்றார். வருகிறவர்கள் சுவரைப் பார்க்கிறார்களா என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது வரிசையில் என் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன்.

மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நேர் பின்னால், நேர் மேலே, சுவர் மாப்பிள்ளையும் சுவர்ப் பெண்ணும். உயிருள்ள மாப்பிள்ளையின் பூணூல் ஒரு தோளில். சுவரில் இருந்தவனுக்கு மறு தோளில். கீழே பெண் ஒரு பக்கம், மேலே மறு பக்கம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்ன மாதிரி இருந்தது. அந்தக் கணத்தில்தான் ‘திருப்பு’ என்று எழுதியது நினைவுக்கு வந்தது. பென்சில் நுனி மழுங்கியிருந்ததுகூட நினைவுக்கு வந்தது.

யாரும் பார்க்காமல் முடிந்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மாப்பிள்ளை வீட்டு சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தாமலே தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரின் முழங்கையைத் தொட்டார். அப்புறம் அது வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து நின்றார். பத்து நிமிஷத்துக்குள் இரண்டு ஜமக்காளங்களைக் கொண்டு வந்து, ஏணி வைத்து, சுவரை மறைத்துக் கட்டிவிட்டார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. தாலி கட்டியாயிற்று.

அதற்குப் பிறகு சப்-ஜட்ஜ் பெயிண்டரை மண்டபத்தின் பக்கவாட்டுத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். சாஸ்திரிகள் இருந்தார், இன்னும் நாலைந்து உறவினர்கள் இருந்தார்கள். நானும் போய் நின்றேன். போகாமல் இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும் என்பதற்காகப் போனேன். சப்-ஜட்ஜ் குரலை உயர்த்தவில்லை. கோர்ட்டில் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“யாரைக் கேட்டுண்டு இப்படிப் போட்டே?”

பெயிண்டர் என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. தவறு எப்படி நடந்தது என்றே அவருக்கு அப்போது தெரியாது. நான் விளக்கிச் சொல்வேன் என்று காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியும். உள்ளே நாயனக்காரர் ஒரு மூச்சை இழுத்து விட்டு அடுத்த மூச்சை இழுக்கிற நேரம். நான் என் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டேன்.

“தெரியாம போட்டுட்டேன் சாமி” என்றார் பெயிண்டர். “நாலே கோடு. சொரண்டிட்டு அந்தத் தோளுக்கு மாத்திடறேன். ஒரு நாள் வேலை.”

சாஸ்திரிகள் சிரித்தார்.

“பூணூலை மாத்திடுவே. பொண்ணை எங்கேடா மாத்தி ஒக்கார வெப்பே?”

எல்லாரும் சிரித்தார்கள். பூணூல் போடாதவனிடம் பூணூலை வரையக் கொடுத்தது நம் தவறு என்று ஒரு உறவினர் சொன்னார். நான் சிரித்தேனா என்று பிற்பாடு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். உதடு அசைந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். என் மனைவி என் தோளைப் பார்த்துவிட்டு, “பாவம் அந்த மனுஷன், அவனுக்கு யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கா” என்றாள். அவளுக்கு நான் கொடுத்த படத்தைப் பற்றித் தெரியாது. தண்ணீர் கேட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பெயிண்டர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் அந்தப் புரூப், நான்காக மடித்து, கட்டம் போட்ட கோடுகளோடு. வணக்கம்கூடச் சொல்லவில்லை. தாளைப் பிரித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அச்சடித்த பக்கம் சூரியனைப் பார்க்க, பின்பக்கத்தை எனக்குக் காட்டினார்.

“பின்னாலேர்ந்து பாரு ஐயரே. எல்லாம் சரியா கீது.”

பார்த்தேன். வெயிலில் தாள் மஞ்சளாகத் தெரிந்தது. நான்கு பூணூலும் இடத் தோளில். பெண் வலப்பக்கம். ஐந்து நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

ஆபீசில் சில சமயம் படத்தைத் திருப்புவது உண்டு என்று சொன்னேன். ‘ஆபீசில்’ என்றேன், ‘நான்’ என்று சொல்லவில்லை. அவருக்கு அது போதுமாயிருந்தது. அவர் முகம் தெளிந்தது. நான் சப்-ஜட்ஜிடம் வந்து, இந்தத் தாளைக் காட்டி, தப்பு படத்தில்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். தான் போய்க் காட்டினால் நம்பமாட்டார்கள். சொல்லிவிட்டால், முழுச் சுவரையும் அப்படியே புரட்டி மறுபடியும் போட்டுத் தருவதாகச் சொன்னார். மாம்பலத்துக்காரர்கள் இருவரும் இப்போது பேசுவதில்லையாம். கால்வாய்க் கரையிலேயே அவரைக் கண்டால், மச்சி, எனக்கும் ஒரு கருமாதிப் பூணூல் போட்டு விடு என்று கேலி செய்கிறார்களாம். இதைச் சொல்லும்போது அவரும் கொஞ்சம் சிரித்தார்.

“வெள்ளிக்கெழம சொண்ணாம்பு அடிக்க ஆளு வருது ஐயரே. அதுக்குள்ள நீ வந்து சொல்லிட்டா போதும்.”

நான் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டேன். சப்-ஜட்ஜிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் தியாகராய நகர் முழுக்கத் தெரிந்துவிடும். எந்தப் பத்திரிகை, எந்தப் படம் என்று கேட்பார்கள். முதலாளிக்கு வேண்டிய குடும்பத்துக் கல்யாணத்தை, ஆண்கள் எல்லாரும் சாவுக் காரியத்துக்கு உட்கார்ந்த மாதிரி நாங்கள் அச்சிட்டிருக்கிறோம். ஆயிரக்கணக்கான வாசகர்கள் பார்த்து ஒருவரும் கவனிக்காமல் விட்ட தவறு அது. சின்னப் படம், மட்டமான யுத்தக் காலத் தாள், எல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. பெரிதாக்கி, தெளிவாக்கி, ஒரு சுவர் முழுக்க வரைந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. அந்தப் படத்தின் முதுகில் என் கையெழுத்து இருந்தது. எனக்கு வேலை போய்விடும்.

“ஞாயிற்றுக்கிழமை வரேன்” என்றேன். “அன்னிக்குத்தான் லீவு.”

கிழமைகளின் வரிசை எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் தாளை மறுபடியும் நான்காக மடித்தார். மடிப்பு பழைய மடிப்பிலேயே விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து மடித்தார்.

“சரி ஐயரே” என்றார்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை போனேன். போனேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் போனேன். ஆபீஸ் கோப்பிலிருந்து அசல் போட்டோவை எடுத்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டும் போனேன். மண்டபம் காலியாக இருந்தது. சுண்ணாம்பு வாசனை தொண்டையைப் பிடித்தது. சுவர் அத்தனை வெள்ளையாக இருந்தது, கண் கூசியது. கையெழுத்து இருந்த மூலையில் மட்டும் கொஞ்சம் ஈரம்.

சப்-ஜட்ஜ் காப்பி கொடுத்தார். அவர் சொன்னது இது: வெள்ளிக்கிழமை காலையில், சுண்ணாம்பு அடிக்கிற ஆட்கள் வரும்முன்பே பெயிண்டர் வந்துவிட்டார். வேறு ஆள் வேண்டாம், நானே அடிக்கிறேன் என்று சுண்ணாம்பு மட்டையை வாங்கிக்கொண்டார். இரண்டு பூச்சுப் போதும் என்று சப்-ஜட்ஜ் சொன்னாராம். அவர் மூன்று பூச்சு அடித்திருக்கிறார். முதல் பூச்சில் எல்லாம் மறைந்தும் பூணூல்கள் மட்டும் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தனவாம். மற்றவை வர்ணம், அவை மட்டும் சுண்ணாம்பு, ஊறிப் போயிருந்தன.

“நல்ல கைதான் ஓய்” என்றார் சப்-ஜட்ஜ். “சொல்லிக்குடுக்கத்தான் ஆளில்லை.”

போட்டோ என் பையில் இருந்தது. அதன் முனை விலாவில் குத்திக்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ஆமாம்” என்றேன்.

மறுநாள் போட்டோவைக் கோப்பிலேயே வைத்துவிட்டேன். வைப்பதற்கு முன் முதுகிலிருந்த அந்த வார்த்தையை ரப்பரால் அழித்தேன். தாள் அந்த இடத்தில் சற்றுத் தேய்ந்துவிட்டது.

அதன் பிறகு பெயிண்டர் மனிதர்களை வரையவில்லை. கடைகளுக்குப் போர்டு எழுதினார். எழுத்துக்களைப் படிக்கத் தெரியாமலே, எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பிசகில்லாமல் வரைந்தார். அடையாற்றுப் பக்கம் புது வீடுகளின் கேட்டில் நம்பர் போட்டார். விறகுத் தொட்டிச் சுவர் ஒரு மழைக்காலத்தில் சரிந்தது. எங்கேயாவது எதிர்ப்பட்டால் அவர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார். முகத்தில் கோபம் இருக்காது. நான் கிழமையைச் சொல்வேன். தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். மூன்று தடவை டிராமை விட்டு இறங்காமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போயிருக்கிறேன்.

நான் படங்களைத் திருப்புவதை நிறுத்தவில்லை. அது ஆபீஸ் விதி. திருப்பும் முன் தோளைப் பார்க்க மட்டும் பழகிக்கொண்டேன். பூணூல் தெரிந்தால், படத்தைச் சீர் செய்கிறவரிடம் சொல்லி வர்ணத்தால் அதை மறைக்கச் சொல்வேன்.

சுதந்திரம் வந்த அன்று காலையில் ஆபீசுக்குக் கிளம்பி, கால்வாய்ப் பாலத்தின் வழியாகப் போனேன். கரையிலிருந்த கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துச் சுவரில் பெயிண்டர் கொடி போட்டுக்கொண்டிருந்தார். காவியும் பச்சையும் உலர்ந்துவிட்டன. நடுவில் சக்கரம். ஆணியில் நூலைக் கட்டி வட்டம் இழுத்து, ஆரங்களை ஒவ்வொன்றாக, ஒரே இழுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஐம்பது பேர் நின்றார்கள். நான் பின்னால் நின்றேன். கடைசி ஆரத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினார், என்னைப் பார்த்தார்.

“இன்னா ஐயரே, எப்டி கீது?”

நன்றாக இருக்கிறது என்றேன்.

“இத்த திருப்பிப் போட்டாலும் ஒண்ணும் ஆவாது” என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கு ஏதும் புரியவில்லை. தூரிகையைத் துணியில் துடைத்தபடி கேட்டார். “இன்னிக்கு இன்னா கெழம?”

“வெள்ளிக்கிழமை” என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் டிராமைப் பிடித்து ஆபீசுக்குப் போனேன். அன்று என்றுமில்லாத அளவு படங்கள் வந்து குவிந்திருந்தன. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பார்த்த முகங்கள் ஏழெட்டு இருந்தன. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு, பென்சிலை எடுத்து, எழுதினேன்.